வீடு என்னுடையது, வரிசை அவர்களுடையது

எங்கள் பிள்ளையார் கோயிலின் ஆறாம் திருவிழாவை நான் விட்டுக்கொடுத்தேன் என்று ஊரில் இன்றும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய். நான் விடவில்லை, அவர்கள் பறித்தார்கள். ஏன் பறித்தார்கள் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், புகையிலைத் தோட்டம் செய்து பிள்ளைகளை வளர்த்தவன். எழுத்தில் பிழை இருக்கலாம். நடந்ததில் பிழை இல்லை.

டொக்டர் எங்கள் தீவுக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். மலைநாட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர். அவருடைய மனைவி எங்கள் ஊர்ப் பெண். அந்த அம்மா காலமான பிறகு, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி பிறந்த மண்ணில் ஒரு டிஸ்பென்சரி போடுவோம் என்று ஒரு பழைய காரோடும் ஐந்தாறு தேயிலைப் பெட்டிகளோடும் வந்து இறங்கினார்.

எங்கள் வளவில் ரோட்டோரமாக ஒரு தலைவாசல் இருந்தது. வருகிறவர்களை இருத்திக் கதைப்பதற்கென்று என் தகப்பனார் வீட்டுக்கு முன்னால் தனியாகக் கட்டியது. அவர் போன பிறகு நான் அதற்குள் புகையிலை அடுக்கி வைத்திருந்தேன். டொக்டர் கேட்டார், கொடுத்தேன். புகையிலையை எடுத்து வெள்ளையும் அடித்தோம். மணத்தை எடுக்க ஏலவில்லை. முதல் மாதம் முழுக்க நோயோடு வந்த வருத்தக்காரர் தும்மித் தும்மித்தான் மருந்து வாங்கினார்கள்.

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். மருந்துத் தண்ணீருக்கு அவரவரே போத்தல் கொண்டுவர வேண்டும். நல்லெண்ணெய்ப் போத்தல், சாராயப் போத்தல், எதுவென்றாலும் வரும். என் மனைவி அவற்றைச் சாம்பலும் வெந்நீரும் போட்டுக் கழுவிக் கொடுப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு போத்தலுக்குள் செத்த எறும்பைக் கண்டவள், அன்றைக்கே அந்த வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். மத்தியானத்துக்குப் பிறகு டொக்டர் வீடு வீடாகப் போவார். மாரி மழையில் கார் புதைந்தால் சைக்கிள், சைக்கிள் புதைந்தால் நடை. அயல் தீவில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு சிக்கல் என்றால், கரையில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் வேதக்காரச் சம்மாட்டியார் ஒருவர் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவார். டொக்டருக்குக் கடல் ஒத்துவராது. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. "உவர் போய்ப் பிள்ளையைப் பாக்கிறதோ, பிள்ளை உவரைப் பாக்கிறதோ எண்டு தெரியேல்லை" என்று சம்மாட்டியார் பகிடி பண்ணுவார். ஆனால் அடுத்த முறை கூப்பிட்டாலும் டொக்டர் ஏறுவார். ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதை நான் கேட்கவில்லை.

ஊரைக் கலக்கியது இதொன்றுமில்லை. அவருடைய மட்டைதான்.

பனை மட்டையைச் சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும் சிவப்பு மையால் இலக்கம் எழுதி, வாசல் கதவான படலைக்கு உட்புறம் ஓர் ஆணியில் கொழுவிவிட்டார். வருகிறவர் மேலே கிடக்கும் மட்டையை எடுத்துக்கொண்டு நீளப் பலகை வாங்கில் இருக்கவேண்டும். இலக்கப்படி, ஒருவர் பக்கத்தில் ஒருவர். மூச்சு முட்டுகிறவருக்கும் இரத்தம் ஓடுகிறவருக்கும் பிள்ளைப்பேற்று நோவு கண்டவளுக்கும் மட்டை தேவையில்லை. மற்ற எல்லாருக்கும் தேவை.

கேட்கச் சின்ன விஷயம். எங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. பனை சீவுகிற குடும்பங்கள் அதுவரை எங்கள் படலைக்கு உள்ளே வந்ததில்லை. வெளியே நின்று குரல் கொடுப்பார்கள். கோயிலிலும் அவர்களுக்கு வெளிவீதிக்கு அங்கால்தான் இடம். நானும் அதைச் சரி என்றுதான் இருந்தேன். மறைக்கவில்லை. இப்போது ஐந்தாம் மட்டையோடு எங்களைப் போல் காணி வைத்திருக்கும் ஒரு கமக்காரர் இருந்தால், ஆறாம் மட்டையோடு பனை சீவுகிறவர் அவருடைய தோளோடு தோள் முட்ட இருக்கிறார். சிலர் மட்டையைப் பார்த்துவிட்டு மருந்து வாங்காமல் வருத்தத்தோடே திரும்பிப் போனார்கள்.

முதலில் சண்டை பிடித்தவன் நான்தான். மண்வெட்டி பட்டுக் காலில் புண், சீழ் கட்டிவிட்டது. என் வீட்டுத் தலைவாசல்தானே என்று நேரே உள்ளே போனேன்.

"மட்டை எங்கை தம்பி?" என்றார் டொக்டர், தலையை நிமிர்த்தாமல்.

"இது என்ரை வீடு, டொக்டர்."

"ஓம். வீடு உம்மடை. வரிசை அவையின்ரை. போய் எடுத்துக்கொண்டு வாரும்."

முகம் எரிந்தது. போய்ப் பார்த்தால் பதினாலாம் மட்டை. எனக்கு முன்னால் பதின்மூன்றோடு, பனை சீவுகிற ஒருவர் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் வாங்கில் இருக்காமல் தூணோடு நின்றேன். அந்தப் பிள்ளை அழவுமில்லை, முனகவுமில்லை. சும்மா காய்ச்சல் என்று தகப்பன் சொன்னார். ஒரு காய்ச்சலுக்காக நான் இந்தக் காலோடு நிற்பதா என்று எனக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

முறை வந்ததும் டொக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். அவ்வளவுதான். தொண்டையில் வெள்ளை படிந்திருந்ததாம். அப்படியே பிள்ளையைத் தூக்கினார், தகப்பனைக் காரில் தள்ளினார், பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் காரை விட்டார். இன்னும் அரை மணித்தியாலம் சுணங்கியிருந்தால் மூச்சுக் குழல் அடைத்துப் போயிருக்கும் என்று பிறகு சொன்னார். என் காலைக் கழுவிக் கட்ட அரை மணித்தியாலம்தான் ஆகும். அதை நான் இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, கலியாணம் முடித்தது. என் கால் அன்று பின்னேரம் வரை சீழோடு கிடந்தது. அந்த நோவு எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த முறை மட்டை எடுத்து வாங்கில் இருந்தேன்.

எங்கள் கோயில் மனேச்சர் என் மனைவியின் பெரியப்பா. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கோயில் நிர்வாகம் முழுக்க அவர் கையில். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புராணம் படிக்கும் இடத்திலோ அன்னதானப் பந்தியிலோ தான் வருவதற்கு முன்னால் தன் குடையை அனுப்பிவிடுவார். குடை கிடக்கும் இடம் அவருடைய இடம். அதை யாரும் தொடமாட்டார்கள். குடைக்கு முன்னால் இலைகூடப் போடுவார்கள். எங்களுக்கு அது பகிடியாகவும் படவில்லை, அநியாயமாகவும் படவில்லை. அப்படிப் பழகிவிட்டோம்.

அவருக்குச் சலரோகம் என்கிற சர்க்கரை வருத்தம். ஒரு நாள் டொக்டரிடம் காட்ட நினைத்தவர், வழக்கம் போலக் குடையை அனுப்பினார். கொண்டுவந்த வேலைக்காரர் மட்டை ஒன்றும் எடுக்கவில்லை. வாங்கில் முதலாவதாக இருந்தவரை எழுப்பிவிட்டுக் குடையை வைத்தார்.

"ஐயா பின்னாலை வாறார். முதலாவதாய்க் குடையை வைக்கச் சொன்னவர்."

டொக்டர் வெளியே வந்தார். "முதலாவது ஆர்?"

எல்லாரும் குடையைப் பார்த்தார்கள். டொக்டரும் பார்த்தார். பிறகு குடையை எடுத்து விரித்தார். காதில் குழாயை மாட்டி, சீலையில் அங்குமிங்கும் வைத்துக் கேட்டார். கம்பி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

"நெஞ்சு சுத்தம். விலாவிலை ரெண்டு கம்பி தளர்ந்திருக்கு. கொஞ்ச நாளைக்கு மழையிலை நனைய வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

வாங்கு முழுக்கச் சிரிப்பு. சளிக்கு வந்த கிழவி ஒருத்தி சிரித்துச் சிரித்து இருமி, மட்டை இல்லாமலே உள்ளே போகவேண்டி வந்தது. அந்த நேரம் பார்த்து மாமா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன கூத்து நடக்குது இஞ்சை? என்ரை குடை எங்கை?"

"குடையைப் பாத்தாச்சு," என்றார் டொக்டர். "இனி உங்களைப் பாக்கவேணும். ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு இருங்கோ."

மாமா வாங்கைப் பார்த்தார். வெறுமையாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில், அந்தப் பிள்ளையின் தகப்பன், அதே பனை சீவுகிறவர், இருந்தார். அவர் எழும்பப் பார்த்தார். "நீர் இரும்," என்றார் டொக்டர். மாமா குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விரித்த குடையை மடக்கக்கூட இல்லை.

ஒரு கிழமை கழியவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறேன், மாமா கூப்பிட்டார். கூடவே நாலு பெரியவர்கள்.

"உன்ரை தலைவாசலைத் திருப்பி எடு," என்றார். "அந்த ஆளை எழுப்பு."

"அவர் என்ன பிழை செய்தவர், மாமா?"

"கண்டவனையும் வளவுக்குள்ளை விட்டுப்போட்டுப் பேந்து அதே காலோடை கோயிலுக்கு வாறாய். உனக்குத் துடக்கில்லையோ, தீட்டில்லையோ? கொடியேற்றத்துக்கு முதல் எழுப்பு. இல்லாட்டி ஆறாம் திருவிழா உனக்கில்லை."

ஆறாம் திருவிழா என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். எங்கள் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு உரித்து. அன்றைக்குச் சாமியின் அலங்காரம், பூ, மேளம், சோறு எல்லாம் அந்தக் குடும்பம். தர்ப்பை மோதிரம் போட்டுக் குருக்களுக்கு முன்னால் நிற்க, அவர் நம் குடும்பத்துப் பெயரைப் பிள்ளையாருக்குச் சொல்வார். ஆறாம் நாள் எங்கள் பாட்டனார் காலம் தொடங்கி எங்களுடையது. என் தகப்பனார் படுக்கையில் கிடந்தபோது கையைப் பிடித்துச் சொன்ன கடைசிச் சொல் காணியைப் பற்றியதல்ல. "ஆறாம் திருவிழாவை விட்டிடாதை மோனை" என்பதுதான்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையாரா, டொக்டரா என்று மாமா கேட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். நாலாம் நாள் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்குத் தெளிந்தது. பிள்ளையார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது மாமா. மாமாவின் குடை.

வீட்டுக்கு வந்தால், தலைவாசலில் டொக்டர் போத்தல்களைத் தேயிலைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஊர்க்கதை அவர் காதுக்கும் எட்டிவிட்டது.

"தம்பி, நான் ஊர்காவற்றுறைப் பக்கமாய் ஒரு இடம் பாக்கிறன். உம்மடை தகப்பன்ரை திருவிழாவை நான் திண்டனான் எண்டு இருக்கக்கூடாது."

நான் வாய் திறப்பதற்கு முன் என் மனைவி வந்துவிட்டாள். பெட்டிக்குள் கையை விட்டாள். ஒவ்வொரு போத்தலாக எடுத்துத் திரும்பவும் சுவர்த் தட்டில் வைத்தாள்.

"உதுகளைக் கழுவினது ஆர், டொக்டர்? நான். என்னைக் கேளாமல் ஆர் கட்டச் சொன்னது?"

"பிள்ளை, உம்மடை பெரியப்பாவல்லோ..."

"பெரியப்பாவுக்குக் குடையிலை வருத்தம். அதுக்கு நாங்கள் மருந்து குடிக்க ஏலாது."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் விறகு போட வைத்துவிட்டேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. மாமாவிடம் நேரே போய்ச் சொன்னேன்: "தலைவாசல் திறந்துதான் கிடக்கும், மாமா. நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ."

செய்தார்கள். கொடி ஏறியது. ஆறாம் நாள் வேறு குடும்பத்துக்குப் போனது. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. முதல் ஐந்து நாளும் போனேன், பின்னால் நின்றேன், கும்பிட்டேன், வந்தேன். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். பிள்ளையார் திருப்பவில்லை.

ஆறாம் நாள் வந்தது. பகல் திருவிழா. பூசை முடிந்து சாமி வீதி வலம் வந்து எங்கள் ரோட்டாலும் போகும். போகும்போது வீட்டுக்கு வீடு படலையில் நிறைகுடம் வைப்பார்கள். நிறைகுடத்துக்கு முன் சாமி நிற்கும், குருக்கள் தீபம் காட்டுவார். எங்கள் படலையில் இந்த முறை சாமி நிற்கக்கூடாது என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டாராம். என் மனைவி அது காதில் விழாதவள் போல மெழுகிக் கோலம் போட்டாள். குடத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிறைத்து மாவிலையும் தேங்காயும் வைத்தாள்.

"நிக்காமல் போனால்?" என்றேன்.

"போனால் போகட்டும். வைக்கிறது எங்கடை வேலை."

தலைவாசலிலும் வேலை நிற்கவில்லை. "திருவிழா எண்டு வருத்தம் லீவெடுக்குமே?" என்று டொக்டர் வழக்கம் போல ஏழு மணிக்கே திறந்துவிட்டார். வாங்கில் பதினைந்து பேர் வரை. மேளம் கிட்டக் கேட்டதும் எல்லாரும் மட்டைகளைக் கையில் பிடித்தபடி எழும்பிப் படலைக்கு வந்தார்கள். பனை சீவுகிறவர்கள் பின்னுக்கு ஒதுங்கப் பார்த்தார்கள். என் மனைவி, "இலக்கப்படி நில்லுங்கோ, பேந்து டொக்டர் என்னைத்தான் பேசுவார்," என்றாள். நின்றார்கள்.

சாமி வந்தது. எலி வாகனம், கழுத்து நிறைய மாலை. முன்னால் மாமா, கையில் குடை. எங்கள் படலை கிட்டவும், "நடவுங்கோ, நடவுங்கோ" என்று குடையை ஆட்டினார். மேளக்காரர் நடந்தார்கள். மாமா நடந்தார். வாகனம் நடக்கவில்லை.

வாகனத்தின் முன் கொம்பைத் தோளில் காவிய இளந்தாரி, போன வருடம் மரத்தால் விழுந்து தோள் மூட்டு விலகியவன். அதை இழுத்துப் பொருத்தியது டொக்டர். அவன்தான் குரல் கொடுத்தான்: "தடியை ஊண்டுங்கோ. தோள் மாத்தவேணும்."

தடிகளை ஊன்றினார்கள். பிள்ளையார் எங்கள் நிறைகுடத்துக்கு நேரே நின்றார்.

மாமா திரும்பி ஓடி வந்தார். "இப்பதானே சந்தியிலை மாத்தினனீங்கள்!"

"அது இடத் தோள். இது வலத் தோள்."

"இஞ்சை நிக்கக்கூடாதெண்டு சொன்னனான்!"

"அதைத் தோளுக்கெல்லோ சொல்லவேணும்," என்றான் பின் கொம்புக்காரன். அவனும் எங்கள் வாங்கில் இருந்து மருந்து வாங்கி எழும்பியவன்தான்.

மாமா குருக்களைப் பார்த்தார். குருக்கள் வயது போன மனிதர், சண்டைக்கு வராதவர். தட்டத்தில் கற்பூரத்தை வைத்துக்கொண்டே சொன்னார்: "நிறைகுடத்துக்கு முன்னாலை சாமி நிண்டிட்டார். தீபம் காட்டாமல் போனால் குற்றம் உங்களுக்கில்லை, எனக்கு."

மணி அடித்தது. கற்பூரம் எரிந்தது. எனக்குக் கண் தெரியவில்லை. கை மட்டும் தலைக்கு மேல் போனது. என் வாயில் தேவாரம் வந்தது. திருவிழாக்காரனாக அல்ல, படலையில் நின்ற ஒருவனாகப் பாடினேன். அப்படிப் பாடியதும் அந்த ஒரு நாள்தான். தட்டம் எனக்கு வந்தது, என் மனைவிக்கு வந்தது, பிறகு வரிசைக்கு. பனை சீவுகிறவர் கையை நீட்டினார். குருக்கள் எல்லாருக்கும் போடுவது போல மேலே இருந்து திருநீற்றைப் போட்டார். ஒன்றும் இடியவில்லை. வானம் இருந்த இடத்தில் இருந்தது.

சாமி போய்க்கொண்டிருக்க, தலைவாசலில் இருந்து சத்தம் கேட்டது. டொக்டர் ஒருவருடைய கையைத் தைத்து முடித்துவிட்டு இப்போதுதான் வெளியே வருகிறார். நடந்த ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. வெறும் வாங்கைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஏழாம் இலக்கம் எங்கை? சாமி பாத்தது போதும், வாரும்!"

அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்குக் கிட்ட அந்தத் தலைவாசலில் அவர் வருத்தம் பார்த்தார். கண் மங்கிய பிறகும், கையால் வயிற்றைத் தொட்டே நோயைச் சொன்னார். மட்டைகள் வெயிலில் வெடித்தபோதெல்லாம் புதிது வெட்டிக் கொடுத்தது அந்தப் பிள்ளையின் தகப்பன். மாமா மட்டும் கடைசி வரை வரவில்லை. தன் சலரோகத்துக்குப் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய்வந்தார். அங்கேயும் இலக்கத் துண்டு கொடுத்து வாங்கில்தான் இருத்தினார்களாம்.

ஆறாம் திருவிழா எனக்குத் திரும்பி வரவில்லை. மாமாவுக்குப் பிறகு வந்த மனேச்சர் ஒரு நாள் வீடு தேடி வந்தார். நான் செய்தது பிழை என்று ஒரு கடிதம் எழுதித் தந்தால், சபையில் வைத்து, முறை வரும்போது யோசிக்கலாம் என்றார். நல்ல மனிதர். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம்.

"பிழை எண்டு எழுத எனக்குக் கை வராது," என்றேன். "அவசரமும் இல்லை. என்ரை இலக்கம் பிள்ளையாருக்குத் தெரியும்."

ஒவ்வொரு வருடமும் ஆறாம் நாள் காலையில் என் மனைவி படலையை மெழுகுகிறாள். குடத்துக்குத் தண்ணீர் அள்ளுவது நான்.